சவுக்கும் சிரிப்பும்

திரையாண்ட பெண்கள் – 6

1935-ஆம் ஆண்டு. பம்பாயின் பரேல் பகுதியில் இருந்த வாடியா மூவிடோன் ஸ்டுடியோவில் ஒரு படம் முடிந்து, பெட்டி தயாராக இருந்தது. ஆறு மாத உழைப்பு. ஏறத்தாழ 80,000 ரூபாய் செலவு. அன்றைக்கு அது பெரிய பணம். ஆனால் படத்தை வாங்க ஆள் வரவில்லை.

விநியோகஸ்தர்களுக்குப் பயம். புராணப் படம் என்றால் முன்பணம் கொடுத்து வாங்குவார்கள். பாட்டும் கண்ணீருமாக ஒரு சமூகப் படம் என்றாலும் துணிவார்கள். இந்தப் படத்தில் கதாநாயகி முகமூடி போட்டுக்கொள்கிறாள், குதிரையில் ஏறுகிறாள், சவுக்கைச் சுழற்றி ஆண்களை அடிக்கிறாள். அதுவும் யார்? பொன்னிறத் தலைமுடியும் நீலக் கண்களும் வாட்டசாட்டமான உடம்புமாக ஒரு வெள்ளைக்காரப் பெண். இதை எந்த ஊரில் கொண்டுபோய் ஓட்டுவது என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

ஜாம்ஷெட் வாடியாவும் அவருடைய தம்பி ஹோமி வாடியாவும், கூட்டாளி பிலிமோரியாவைச் சேர்த்துக்கொண்டு படத்தைத் தாங்களே வெளியிட்டார்கள். 'ஹன்டர்வாலி' 25 வாரங்களுக்கு மேல் ஓடியது. படத்தின் பெயரில் பெல்ட்டும் சவுக்கும் தீப்பெட்டியும் கடைகளில் விற்றன. அவற்றில் எதற்கும் ஸ்டுடியோவிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அந்த ஒரே படத்தில் 'ஃபியர்லெஸ் நாடியா' என்ற பெயர் இந்தியா முழுவதும் தெரிந்த பெயராகிவிட்டது.

சென்ற இதழில் அமெரிக்காவின் மௌனத் தொடர்படங்களைப் பார்த்தோம். 1914-ல் 'பெரில்ஸ் ஆஃப் பாலின்' படத்தில் ஓடிய பேர்ல் ஒயிட், 119 பகுதிகளாக வந்த 'ஹசார்ட்ஸ் ஆஃப் ஹெலன்' தொடரில் ஓடும் ரயிலில் தாவிய ஹெலன் ஹோம்ஸ், அவருக்குப் பின் அதே தொடரைத் தாங்கிய ஹெலன் கிப்சன் ஆகியோரின் கதை அது. அந்தப் படச்சுருள்கள் கப்பலேறி இந்தியாவுக்கும் வந்தன. வாரம் இரண்டு மூன்று பகுதிகளாகச் சேர்த்து ஓட்டப்பட்டன. சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-ல் அமைந்த இந்திய சினிமா விசாரணைக் குழு, நாடு முழுக்கச் சுற்றிச் சாட்சியங்களைப் பதிவு செய்தது. குறைந்த கட்டண இருக்கைக்காரர்களுக்கு இந்தத் தொடர்படங்கள் மேல் இருந்த மோகம் அந்தச் சாட்சியங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். தரையில் உட்கார்ந்தவர்கள் விசிலடித்தார்கள். அந்தப் பிளவு இந்த வரலாறு நெடுகக் கூடவே வரும்.

அந்த விசில் சத்தத்தை இந்தியப் படக்காரர்கள் கேட்காமல் இல்லை. இம்பீரியல் கம்பெனியின் 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே' 1927-லேயே வந்துவிட்டது. மோகன் பவ்நானி இயக்கிய அந்த மௌனப் படத்தில் சுலோச்சனா எட்டு வேடங்களில் தோன்றினார். சுலோச்சனாவின் இயற்பெயர் ரூபி மேயர்ஸ். யூதக் குடும்பத்துப் பெண். சினிமாவுக்கு வருமுன் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். தோட்டக்காரன், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், தெருப்பையன், வாழைப்பழம் விற்பவள், பொன்னிறக் கூந்தலுடைய ஐரோப்பியப் பெண் என்று அவர் மாறிக்கொண்டே போனார். ஊரை ஏய்க்கிறாள், பிடிக்க வருபவனுக்குத் தண்ணி காட்டுகிறாள், அதைப் பார்த்துக் கூட்டம் சிரிக்கிறது. நகைச்சுவையையும் சாகசத்தையும் ஒரே பெண் தோளில் சுமந்த படம் என்று இந்தியாவில் தேடினால் முதலில் கைக்குக் கிடைப்பது இதுதான். 1936-ல் பேசும் படமாகவும் இது மீண்டும் எடுக்கப்பட்டது.

ஆகவே நாடியா வெறுங்காட்டில் முளைத்தவர் இல்லை. அவருக்கு முன்னால் ஒரு சந்தை இருந்தது, ரசனை இருந்தது, பழகிய கூட்டம் இருந்தது. சண்டை போடும் கதாநாயகியை ஏதோ ஒரு வேடிக்கை விபத்தாகவும், ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக நடந்த அதிசயமாகவும் சொல்லிவிட்டுப் போவது நம் சினிமா எழுத்தில் பழகிப்போன ஒன்று. பதிவுகளைப் புரட்டினால் அது ஒரு முறையான தொழிலாக நடந்திருப்பது தெரிகிறது. அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள், பயிற்சி இருந்தது, வருமானம் இருந்தது. மரியாதை மட்டும் இல்லை.

வாடியாக்கள் பார்சிகள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் கட்டிய லோவ்ஜி நுசர்வான்ஜி வாடியாவின் வழித்தோன்றல்கள். இவர்கள் ஸ்டுடியோ நடத்திய இடமும் குடும்பச் சொத்தான லோவ்ஜி காஸில்தான். அண்ணன் ஜாம்ஷெட் நன்றாகப் படித்தவர், அரசியலில் எம்.என். ராயைப் பின்பற்றியவர், டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸின் வாள்சண்டைப் படங்களுக்கு வெறித்தனமான ரசிகர். தம்பி ஹோமிக்குக் கேமராவும் வேகமும்தான் உலகம். மௌனப்பட காலத்திலேயே 'தூஃபான் மெயில்' போன்ற ரயில் சாகசப் படங்களை இவர்கள் எடுத்துப் பழகியிருந்தார்கள். 1933-ல் வாடியா மூவிடோனைத் தொடங்கி, 'லால்-எ-யமன்' என்ற பேசும் படத்தோடு புதிய காலத்துக்குள் நுழைந்தார்கள்.

மேரி ஆன் ஈவான்ஸ் பிறந்தது ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், 1908 ஜனவரி 8-ல். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்துக்காரர், அம்மா கிரேக்கப் பெண். சிறுமியாக இருக்கும்போதே குடும்பம் பம்பாய்க்கு வந்துவிட்டது. அப்பா முதல் உலகப் போரில் இறந்துபோனார். அதன்பின் சில ஆண்டுகள் பெஷாவர் பக்கம் வளர்ந்தார். குதிரை ஏறுவது, துப்பாக்கி சுடுவது, மீன் பிடிப்பது எல்லாம் அந்த எல்லைப்புற வாழ்க்கையில் கற்றுக்கொண்டவை. மறுபடி பம்பாய் வந்தபோது ஒரு மகனும் கூட இருந்தான். பிழைப்புக்காக 'ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸ்' கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றார். தட்டச்சும் சுருக்கெழுத்தும் படித்தார். உடம்பைக் குறைக்க வேண்டும் என்று ரஷ்யாவிலிருந்து வந்த மதாம் அஸ்ட்ரோவாவிடம் பாலே நடனம் கற்கப் போனார். அந்த நடனக்குழுவோடு ராணுவ முகாம்களிலும் சமஸ்தானங்களிலும் ஆடினார். சர்க்கஸிலும் சில காலம் இருந்தார். ஓர் ஆர்மீனிய ஜோசியக்காரி, பெயர் 'என்' என்ற எழுத்தில் தொடங்கினால் அதிர்ஷ்டம் என்று சொல்ல, மேரி நாடியா ஆனார்.

லாகூர் ரீகல் தியேட்டரின் மேலாளர் எருச் காங்கா, மேடையில் இவரைப் பார்த்துவிட்டு வாடியாவிடம் அனுப்பிவைத்தார். ஜாம்ஷெட் இரண்டு யோசனைகள் சொன்னார். பெயரை 'நந்தா தேவி' என்று மாற்றிக்கொள்ளலாம். கறுத்த சடை வைத்த டோப்பா ஒன்றும் மாட்டிக்கொள்ளலாம். நாடியா இரண்டையும் மறுத்துவிட்டார். அப்போது அவர் நிலையில் இருந்த ஒரு பெண், கையில் காசில்லாத, குழந்தையோடு தனியாக நின்ற ஒரு பெண், முதலாளி முன்னால் உட்கார்ந்து மறுத்துப் பேசியது சாதாரண விஷயம் இல்லை. ஜாம்ஷெட்டுக்கும் அந்தத் துணிச்சல் பிடித்துப்போனது. சோதனைக்காக 'தேஷ் தீபக்', 'நூர்-எ-யமன்' படங்களில் சின்ன வேடங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். கூட்டம் அவரைக் கவனித்தது. அதன்பின்தான் ஹோமியின் இயக்கத்தில் ஹன்டர்வாலி.

கதை பழைய ராஜா ராணிக் கதைதான். கெட்ட மந்திரி ராஜாவைச் சிறை வைக்கிறான். இளவரசி மாதுரியை மணந்து நாட்டையே விழுங்கப் பார்க்கிறான். பகலில் அரண்மனைப் பெண்ணாக இருப்பவள் முகமூடி மாட்டிக்கொண்டு ஹன்டர்வாலியாக, அதாவது சவுக்குக்காரியாக, வெளியே கிளம்புகிறாள். பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுக்கிறாள். ஃபேர்பேங்க்ஸ் நடித்த 'மார்க் ஆஃப் ஜோரோ' படத்தின் சாயல் இதில் அப்பட்டமாகவே இருக்கிறது. ஆனால் முகமூடிக்குப் பின்னால் பெண்ணை வைத்ததும் கதையின் எடை மாறிவிடுகிறது. கட்டிக்கொடுக்கப்பட வேண்டிய பெண், தன்னைக் கட்ட வருபவனையே அடித்து விரட்டுகிறாள். கதாநாயகனாக வரும் போமன் ஷ்ராஃப் அவளுக்குத் துணை நிற்கிறார், அவ்வளவுதான்.

நாடியாவின் படங்களைச் சண்டைப் படங்கள் என்று மட்டும் சொல்லி முடிப்பது பாதி உண்மை. அவற்றில் பாதிக்கு மேல் சிரிப்பு. ஒருவனைத் தூக்கி எறிந்துவிட்டு இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து அவர் சிரிக்கும் சிரிப்பு அந்தப் படங்களின் முத்திரை. கோபத்தில் அடிக்கும் பெண் அவர் இல்லை. அடிப்பதில் ஆனந்தப்படும் பெண். இது பெரிய வித்தியாசம். பழிவாங்கப் புறப்படும் பெண்ணுக்கு நம் கதைகளில் எப்போதும் ஒரு நியாயம் தேவைப்படுகிறது. கணவனைக் கொன்றிருக்க வேண்டும், மானத்துக்குப் பங்கம் வந்திருக்க வேண்டும், தலைமுடி அவிழ்ந்து கிடக்க வேண்டும். நாடியாவுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. உடம்பு பலமாக இருக்கிறது, எதிரே அயோக்கியன் நிற்கிறான், போதும்.

கூடவே வரும் பட்டாளமும் சிரிக்க வைப்பதற்கே. 'பஞ்சாப் கா பேட்டா' என்ற குதிரைக்கு நடிகர்களோடு சேர்த்து விளம்பரத்தில் பெயர் போட்டார்கள். 'கன்போட்' என்ற நாய் வரும். 'ரோல்ஸ் ராய்ஸ் கி பேட்டி' என்று செல்லப்பெயர் வைத்த ஒரு டப்பா கார் வரும். அது தன் இஷ்டத்துக்கு ஓடும், நிற்கும், வில்லனைத் துரத்தும். குதிரையில் பாய்ந்துவரும்போது நாடியா எழுப்பும் 'ஹேய்ய்ய்' என்ற கூவலைத் தன் சிறு வயதின் மறக்க முடியாத சத்தமாக நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் பின்னாளில் எழுதினார். கர்நாடகத்தின் சின்ன ஊர் ஒன்றில் படம் பார்த்த சிறுவனின் காதில் அது அத்தனை ஆண்டுகள் நின்றிருக்கிறது.

அடுத்து வந்தது 'மிஸ் ஃபிரான்டியர் மெயில்', 1936. இந்தப் படத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஃபிரான்டியர் மெயில் நிஜமான ரயில். பி.பி. அண்ட் சி.ஐ. ரயில்வே 1928-ல் பம்பாயிலிருந்து பெஷாவர் வரை விட்ட வண்டி. நாட்டிலேயே வேகமானது, சொகுசானது என்று அன்று பேர் வாங்கியது. அதன் பெயரைப் படத்துக்கு வைத்தபோதே இது ராஜா ராணிக் கதை இல்லை, இன்றைய கதை என்று வாடியாக்கள் சொல்லிவிட்டார்கள். நாடியா இதில் சவிதா என்ற நாகரிகப் பெண். டென்னிஸ் ஆடுவாள், கார் ஓட்டுவாள், வேட்டையாடுவாள். அவளுடைய அப்பா ரயில்வேக்காரர். கொலைப்பழி அவர் தலையில் விழுகிறது. 'சிக்னல் எக்ஸ்' என்ற முகமூடி மனிதனின் கூட்டம் ரயிலைக் கொள்ளையடிக்கவும் பாலத்தைத் தகர்க்கவும் திட்டம் போடுகிறது. அந்த முகமூடிக்குள் இருப்பது சவிதாவின் சொந்தக்காரரேதான்.

படத்தில் ஓர் உடற்பயிற்சிக் காட்சி வருகிறது. சவிதா அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு பயிற்சி செய்கிறாள். அதை மறைந்திருந்து பார்க்கும் காட்சியாக எடுக்கவில்லை. ஓர் ஆண் பயில்வானைக் காட்டுவதுபோல நேராகவே கேமரா காட்டுகிறது. கை, தோள், தொடை எல்லாம் வேலை செய்யும் உறுப்புகளாகத் தெரிகின்றன. இந்தப் பெண்ணால் ஒருவனைத் தூக்க முடியும் என்று பார்ப்பவர் நம்புவதற்கு அந்தக் காட்சி அவசியம்.

பிறகு ரயில் கூரைச் சண்டை. வண்டி ஓடுகிறது. இரண்டு பக்கமும் வயலும் மரமும் பின்னோக்கிப் பாய்கின்றன. கூரை மேல் சவிதாவும் நாலைந்து அடியாட்களும். ஒருவன் பாய்கிறான், அவள் குனிந்து, அவன் இடுப்பைப் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி நிறுத்துகிறாள். அப்படியே ஓரடி இரண்டடி நடக்கிறாள். அதன்பின் வீசுகிறாள். இதை வெட்டி ஒட்டிய துண்டுகளாகக் காட்டாமல், முழு உருவமும் தெரியும்படி தள்ளி நின்று படம் பிடித்திருக்கிறார்கள். அவளுடைய கால்கள் கூரையில் ஊன்றியிருப்பதும், மேலே அவன் கைகால் உதறுவதும் ஒரே சட்டகத்தில் தெரிகின்றன. இன்றைய படங்களில் ஒரு குத்துக்கு நாலு வெட்டு. அங்கே வெட்டே இல்லாததுதான் பிரமிப்பு. பெண்ணின் பலத்தை நம்ப வைக்க ஹோமி கையாண்ட வழி, கண்ணால் பார்க்க விடுவது.

இது எப்படிச் சாத்தியமானது என்பதில்தான் அந்த ஸ்டுடியோவின் வேலைமுறை இருக்கிறது. ஆளைத் தலைக்கு மேல் தூக்குவதில் தூக்குகிறவருக்கு எவ்வளவு பயிற்சி வேண்டுமோ அவ்வளவு பயிற்சி தூக்கப்படுகிறவருக்கும் வேண்டும். எங்கே பிடி கொடுக்க வேண்டும், எப்போது உடம்பை இறுக்க வேண்டும், எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வாடியா ஸ்டுடியோவில் இதற்கென்று மாதச் சம்பளத்தில் ஒரு குழு இருந்தது. போமன் ஷ்ராஃப், வில்லன் வேடங்களுக்குச் சயானி ஆதிஷ், பின்னால் ஜான் காவஸ் என்று படத்துக்குப் படம் அதே முகங்கள் வரும். ஜான் காவஸ் ஆணழகன் போட்டியில் வென்றவர். ஆட்கள் உட்கார்ந்த செவர்லே காரை முதுகால் தூக்கியவர் என்று விளம்பரம் பெற்றவர். நாடியா தன்னை நம்பிக் குதித்தார் என்பதைவிட, தன்னைப் பிடிக்கப்போகிறவர்களை நம்பிக் குதித்தார் என்பது சரி. டூப் போடாமல் நடித்தார் என்று அவரைப் புகழும்போது, உடன் விழுந்து எழுந்த அந்தப் பெயர் தெரியாத ஆட்களையும் சேர்த்துத்தான் புகழ வேண்டும்.

1937-ல் 'ஹரிகேன் ஹன்சா', 1938-ல் 'லுட்டாரு லலனா', 1939-ல் 'பஞ்சாப் மெயில்' என்று வரிசை நீண்டது. 1942-ல் 'ஜங்கிள் பிரின்சஸ்'; அதில் உண்மையான சிங்கங்களுக்கு நடுவே நின்றார். எல்லாமே நல்ல படங்கள் என்று சொல்ல முடியாது. பல படங்களில் கதை சண்டைக்கும் சண்டைக்கும் நடுவில் வைத்த இட்டுநிரப்பல்தான். ஆனால் 1940-ல் வந்த 'டயமண்ட் குயின்' தனியாகப் பேச வேண்டிய படம்.

அதில் நாடியா மதுரிகா. பம்பாயில் படித்துவிட்டு டயமண்ட் டவுன் என்ற ஊருக்குத் திரும்புகிறாள். ஊர் ஒரு ரவுடிக் கூட்டத்தின் பிடியில் கிடக்கிறது. ஜான் காவஸ் நல்ல மனம் கொண்ட கொள்ளைக்காரனாக வந்து அவளோடு சேர்கிறார். சண்டைகள் வழக்கம்போல. ஆனால் நடுவே கல்வியைப் பற்றிப் பேச்சு வருகிறது, மக்கள் தங்களைத் தாங்களே ஆள்வதைப் பற்றி வருகிறது. பெண் விடுதலை இல்லாமல் தேச விடுதலை வராது என்று மதுரிகா நேரடியாகவே சொல்கிறாள். பிரிட்டிஷ் தணிக்கை நடந்த காலம் அது. சமூகப் படங்களில் அரசியல் வாடை வந்தால் கத்தரி பாயும். ஸ்டண்ட் படத்தை யாரும் அவ்வளவு பொருட்டாகப் பார்க்கவில்லை. மதிப்பில்லாத இடத்தில் இருந்ததே அந்தப் படங்களுக்கு ஒரு சுதந்திரத்தைக் கொடுத்தது. ஜாம்ஷெட் வாடியா தன் ராயிஸ்ட் கருத்துகளை வைக்க அந்த இடைவெளியைத் தெரிந்தே பயன்படுத்திக்கொண்டார் என்றுதான் கொள்ள வேண்டும்.

அதே ஜாம்ஷெட்டுக்கு ஒரு கட்டத்தில் ஸ்டண்ட் படங்கள் போதவில்லை. படித்தவர்கள் மதிக்கும் படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. 1941-ல் சாதனா போஸை வைத்து 'ராஜ் நர்த்தகி'யை இந்தியிலும் வங்காளத்திலும், 'கோர்ட் டான்சர்' என்ற பெயரில் ஆங்கிலத்திலும் எடுத்தார். மரியாதை கிடைத்தது. ஆனால் பணப்பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது நாடியாவின் சவுக்குதான். அண்ணனும் தம்பியும் தொழிலில் பிரிந்தார்கள். பரேல் ஸ்டுடியோ வி. சாந்தாராம் கைக்குப் போய் ராஜ்கமல் கலாமந்திர் ஆனது. ஹோமி 1942-ல் பசந்த் பிக்சர்ஸைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே 'ஹன்டர்வாலி கி பேட்டி' வந்தது, கம்பெனி காலூன்றியது. தங்கள் வீட்டை வாழவைத்த வகைப் படத்தைப் பற்றித் தயாரிப்பாளர்களுக்கே ஒரு கூச்சம் இருந்திருக்கிறது. சண்டைக்காரக் கதாநாயகிக்கு நேர்ந்த அநீதிகளில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

நாடியாவும் ஹோமியும் நெடுங்காலம் காதலர்களாகவே இருந்தார்கள். பார்சிக் குடும்பத்தில் எதிர்ப்பு. ஹோமியின் தாயார் மறைந்த பிறகு 1961-ல்தான் திருமணம் நடந்தது. 1968-ல் வந்த 'கிலாடி' நாடியாவின் கடைசிப் படம். அப்போது அவருக்கு வயது 60. 1993-ல் ஜாம்ஷெட்டின் பேரன் ரியாத் வின்சி வாடியா அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்த பிறகு வெளிநாட்டு விழாக்களிலும் பல்கலைக்கழகங்களிலும் பேச ஆரம்பித்தார்கள். 1996 ஜனவரி 9-ல், 88-வது பிறந்தநாளுக்கு மறுநாள், பம்பாயில் காலமானார்.

நாடியாவைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். வெள்ளைத்தோல் என்பதால்தானே இதெல்லாம் முடிந்தது? அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஆண்களை அடிக்க ஓர் இந்தியப் பெண்ணை விட்டிருப்பார்களா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் கௌரவமான குடும்பத்துப் பெண்கள் சினிமாவுக்கு வரவே தயங்கினார்கள். சுலோச்சனாவும் சரி, வேறு பல முன்னணி நடிகைகளும் சரி, யூத அல்லது ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். நாடியாவுக்குக் கிடைத்த சலுகையில் அவர் நிறத்துக்குப் பங்கு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணே இந்திய ஏழைகளின் காவலாக வந்து நின்றதில் உள்ள விசித்திரத்தை அன்றைய பார்வையாளர்கள் உணராமல் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் அதுவே முழு விடையாக இருந்தால், 1937-ல் தமிழில் நடந்ததற்கு விளக்கம் இல்லை.

ஹன்டர்வாலி வந்து இரண்டே ஆண்டுகளில், அதே பம்பாயில், கே. அமர்நாத் இயக்கத்தில் 'மின்னல் கொடி' என்ற தமிழ்ப் படம் தயாரானது. கதாநாயகி கே.டி. ருக்மிணி. தென்னிந்தியப் பெண். அவருக்கு ஜோடி அன்றைய ஸ்டண்ட் நடிகர் பி.எஸ். சீனிவாச ராவ். நகைச்சுவைக்குக் கோகோ. ருக்மிணி ஆண் உடையில் கொள்ளைக்காரியாக வந்து, குதிரையில் பாய்ந்து, கத்தி சுழற்றி, பணக்காரனிடம் எடுத்து ஏழைக்குக் கொடுத்தார். வடக்கே ஹன்டர்வாலிக்கு விழுந்த அதே கைத்தட்டல் தெற்கே டென்ட் கொட்டகைகளின் தரை டிக்கெட்டிலிருந்து மின்னல் கொடிக்கும் விழுந்தது. படம் வெற்றி. அந்த வெற்றியை நம்பியே அமர்நாத்தும் ருக்மிணியும் 1939-ல் 'வீர ரமணி'யில் மறுபடி சேர்ந்தார்கள்.

அந்த ஆண்டுகளில் தமிழில் வந்துகொண்டிருந்தவை பெரும்பாலும் புராணங்களும் பக்தர் சரித்திரங்களும். திரையில் பெண் என்றால் பாடத் தெரிய வேண்டும், பதிவிரதையாகத் துன்பப்பட வேண்டும். அதற்கு நடுவே ஒரு தமிழ்ப் பெண் கால்சட்டையும் தலைப்பாகையுமாகக் குதிரை மேல் வந்ததைக் கூட்டம் கல்லெறிந்து வரவேற்கவில்லை. காசு கொடுத்து வரவேற்றது. தடுத்து நிறுத்தியது பார்வையாளர்கள் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. வாடியாக்களும் இந்தச் சந்தையைக் கவனித்தார்கள். தங்கள் 'தூஃபானி டார்ஜான்' வெற்றிக்குப் பின் 1938-ல் 'வனராஜ கார்ஸன்' என்று தமிழிலேயே ஒரு காட்டுப் படம் எடுத்து இங்கே அனுப்பினார்கள். அதிலும் நாயகன் ஜான் காவஸ்தான்.

பிறகு ஏன் ருக்மிணிக்கு ஒரு வாரிசு உடனே வரவில்லை? நாடியாவுக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. அவருடைய உடம்புக்கும் திறமைக்கும் ஏற்பக் கதை எழுத ஆட்கள் இருந்தார்கள். விழுந்தால் பிடிக்க ஒரு குழு இருந்தது. ஒரு படம் தோற்றாலும் அடுத்த படம் கைவசம் இருந்தது. ருக்மிணிக்கு அப்படி ஒரு வீடு அமையவில்லை. தமிழ்ப் படங்கள் பம்பாய், கல்கத்தா, புனே என்று ஊர் ஊராகப் போய்த் தயாராகிக்கொண்டிருந்த காலம் அது. சென்னையிலும் சேலத்திலும் கோவையிலும் ஸ்டுடியோக்கள் நிலைபெற்றபோது, அவை நம்பியது பாட்டுக்கார நட்சத்திரங்களையும் நாடகக் கம்பெனிகளிலிருந்து வந்த வாத்தியார்களையும்தான். இரண்டாம் உலகப் போர் வந்தது. கச்சாப் படச்சுருளுக்குப் பஞ்சம். அரசாங்கம் உரிமம் கொடுத்து அளந்தது. ஒரு படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. கையில் இருக்கும் கொஞ்சம் சுருளை யாரும் சோதனைக்குச் செலவழிக்கத் தயாராக இல்லை. எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடினால் கூட்டம் நிச்சயம் என்று தெரிந்த பிறகு, குதிரையேறும் கதாநாயகிக்கு எந்த முதலாளி பணம் போடுவார்?

அக்காலத் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றின் பிரதிகள் அழிந்துபோய்விட்டன. நாடியாவின் படங்கள் சிலவற்றை வாடியா குடும்பம் காப்பாற்றி வைத்ததால்தான் ரயில் கூரைச் சண்டையை இன்றும் பார்த்து அதைப் பற்றி எழுத முடிகிறது. தென்னாட்டு ஸ்டண்ட் படங்களுக்கு அப்படியொரு குடும்பம் வாய்க்கவில்லை. பத்திரிகை விமர்சனங்கள், பாட்டுப் புத்தகங்கள், விளம்பரங்கள், பார்த்தவர்களின் நினைவு ஆகியவற்றை வைத்துத்தான் அவற்றை எடைபோட வேண்டியிருக்கிறது. பாட்டுப் புத்தகத்தில் பாட்டு இருக்கும், கதைச்சுருக்கம் இருக்கும்; சண்டை இருக்காது. ருக்மிணி எப்படிக் கத்தி பிடித்தார், எந்த உயரத்திலிருந்து குதித்தார், யார் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதைச் சொல்ல அச்சில் இடம் ஒதுக்கப்படவில்லை. தமிழ் சினிமா வரலாற்று நூல்கள் பலவற்றில் அவருக்குக் கிடைத்திருப்பது ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. ஒரு படத்தையே தன் பெயர் சொல்லி ஓடவைத்த நடிகைக்கு இது போதாது.

சண்டையின் பக்கம் கதவு இப்படி ஒருக்களித்தபோது, சிரிப்பின் பக்கம் தமிழில் வேறொரு பெண் காலூன்றிக்கொண்டிருந்தார். டி.ஏ. மதுரம். 1936-ல் 'வசந்தசேனா' படத்தின்போது என்.எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்தவர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944 இறுதியில் கணவர் சிறைக்குப் போனதும், நாடகக் குழுவைக் கலைத்துவிடாமல் எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நடத்தினார். அங்கே மேடையேறிய 'பைத்தியக்காரன்' 1947-ல் படமானபோது அதில் இரட்டை வேடத்தில் நடித்தார். அந்தக் கதை அடுத்த இதழில்.